துரைக்கு உண்ணிக் காய்ச்சல்

திருவில்லிபுத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள விஜி,

எட்டு மாதமாக எழுதவில்லை. காரணம் சொன்னால் நம்பமாட்டாய். சொல்லாவிட்டால் மூன்றாம் பெஞ்சு வழக்கை மறுபடி எடுப்பாய். இங்கு எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. அத்தை அப்படியேதான்.

எழுத உட்கார்ந்தது துரைக்காக.

பையன் பெங்களூருக்குப் போகும்போது "இரண்டே வாரம் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று விட்டுப்போன குட்டி. இரண்டு வாரம் இரண்டு வருடமாகிவிட்டது. அப்பன் லாப்ரடார், தாய் ராஜபாளையம். உடம்பெல்லாம் கருப்பு, நெஞ்சில் மட்டும் திருநீறு பூசியதுபோல் வெள்ளை. எடை 36 கிலோ. சாப்பாட்டில் அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறான், சந்தேகத்தில் தாயை. சிலிண்டர் போடுகிறவரை இரண்டு வருடமாகப் பார்க்கிறான். இன்றுவரை வாசற்படி தாண்ட விடுவதில்லை. அவர் கையில் முறுக்கு இருந்தால் மட்டும் சமாதானம் பேசுவான். தெருவில் யார் பார்த்தாலும் "ஒரிஜினலா?" என்பார்கள். கிராஸ் என்றதும் முகம் சுண்டிப்போகும். 2005இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டார்களே, அதை ஒட்டி எனக்குக் கடிதம் போட்டவள் நீதானே? துரைக்கெல்லாம் யார் தபால்தலை போடுவார்கள்!

போன மாதக் கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டை விட்டுவிட்டான். தட்டை நக்கி நக்கி வாசல்வரை தள்ளிக்கொண்டு போகிறவன், தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டான். இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினோம். தொட்டுக்கூடப் பார்க்காமல் "வெயில்தான்" என்று ஓர் ஊசி போட்டு அனுப்பினார். இவர் தம் பங்குக்கு, தாம் போடும் காய்ச்சல் மாத்திரையில் பாதியை உடைத்துக்கொண்டு வந்தார். நல்லவேளை, பையனுக்குப் போன் போட்டேன். மனிதருக்கான மாத்திரையை நாமாகக் கொடுத்தால் நாய்க்கு ஈரலே கெட்டுப்போகலாமாம்.

மூன்றாம் நாள் காலை, சிமெண்டுத் தரையில் காசளவு ரத்தம். அதன் பக்கத்தில் இன்னொன்று. மூக்கிலிருந்து சொட்டுகிறது விஜி. அவன் அதை நக்கிவிட்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவன்போல் என்னைப் பார்க்கிறான்.

கார் பிடித்து, சங்கரன்கோவில் வழியாக, திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினோம். வழியெல்லாம் அவன் தலை என் மடியில். சின்னப் பெண் டாக்டர், நம் மருமகள் வயதுதான் இருக்கும். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுத்தாள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டுமாம். இவனுக்கு ஈறே வெளுத்த துணிபோல் இருந்தது. பிறகு கால்விரல் இடுக்கைப் பிரித்துக் காட்டினாள். உளுந்தளவில் நான்கு உண்ணிகள், காதுக்குள் இன்னும் மூன்று. தினமும் முதுகைச் சீவிவிடுகிற நான் விரல் இடுக்கைப் பார்த்ததே இல்லை. ரத்தத்தில் தட்டணுக்கள் 38 ஆயிரம். குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்க வேண்டுமாம். உண்ணி கடிக்கும்போது கிருமி உள்ளே போய் வெள்ளையணுவுக்குள் குடியேறிவிடுகிறது, தட்டணு குறைந்து ரத்தம் உறையாமல் போகிறது என்று விளக்கினாள். எனக்கு அந்த 38 மட்டும்தான் காதில் விழுந்தது.

டாக்சிசைக்ளின் மாத்திரை, 28 நாள். பாலோடு கொடுக்கக் கூடாது, மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நாய்க்கு மட்டும் வைத்தியம் பார்த்தும் பயனில்லையாம்; பெண் உண்ணி வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து, சுவர் விரிசலில் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடுமாம். வீட்டுக்கு வந்ததும் திண்ணை விரிசல் முழுவதையும் சிமெண்டு வைத்து அடைத்தார் இவர். இடுப்பு பிடித்துக்கொண்டது, அது தனிக் கதை. பக்கத்து வீட்டுத் தாத்தா மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார். அவர் வந்தாலே பாட்டிலை ஒளித்துவைக்கிறேன்.

முதல் நான்கு இரவும் அவன் பக்கத்தில் தரையிலேயே படுத்தேன். மூச்சு வருகிறதா என்று விலாவில் கை வைத்துப் பார்ப்பதும், கண் அசந்தால் திடுக்கிட்டு எழுவதுமாக. அப்படி ஓர் இரவில்தான் ஜூலி நினைவுக்கு வந்தது. அது போன அன்று நீ போனில் அழுதாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாய்தானேடி, வேறொன்று வாங்கிக்கொள்" என்றேன். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று போனை வைத்தும்விட்டேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம் விஜி, நாலு திட்டு திட்டியிருக்கலாம். பதினோரு வருடம் கழித்து வெட்கமாக இருக்கிறது.

சரி, அழ வைக்காதே. பயல் இப்போது பரவாயில்லை. நேற்று எடுத்த பரிசோதனையில் தட்டணு ஒரு லட்சத்து அறுபதாயிரம். காலையில் சிலிண்டர்காரரைப் பார்த்துக் குரைத்தான். அவரே "அப்பாடா" என்றார். ஓடவிடக் கூடாது என்பதால் வெயிலுக்கு முன் கோயில் தெரு முனைவரை மெதுவாக ஒரு நடை. திரும்பி வந்ததும் விளக்கைப் போட்டு ஒவ்வொரு நகத்தின் இடுக்கும் தேடுகிறேன். அவனுக்குக் கூச்சம், எனக்கு முட்டிவலி.

மாத்திரை இன்னும் ஒன்பது நாள் பாக்கி. இட்லிக்குள் வைத்தால், இட்லியை விழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் என் காலடியில் துப்புகிறான். ஜூலிக்கு நீ எதில் வைத்துக் கொடுத்தாய்? உடனே எழுது. பால்கோவா அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

உன்
கோமதி