தம்பி, இடது லேனிலேயே போ

ரங்கூன்,
புதன்கிழமை இரவு.

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அம்மாவும், அக்கா வீட்டில் எல்லாரும் சுகம். உன் சுகத்துக்குச் சாமியை வேண்டிக்கொள்கிறோம். நீ போன் பேசி இன்றோடு 38 நாள் ஆகிறது. அம்மா காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு வருகிறாள். வேலை அதிகம் என்று அக்காவுக்கு மெசேஜ் போட்டாயாம். சரி, வேலை இருப்பது நல்லதுதான்.

நான் கேட்க வந்தது வேறு. ஹைவேயில் நீ எந்த லேனில் போகிறாய்?

ஜப்பானில் ரோட்டுக்கு இடது பக்கம் போக வேண்டும். அதனால் ஓட்டுவது இடது லேன், முந்துவது வலது லேன். இது உனக்குத் தெரியும், எனக்கே நீதான் சொன்னாய். ஆனால் தெரிந்திருப்பது வேறு, கை பழகியது வேறு. உன் கை இங்கே பழகிய கை. இங்கே மெதுவாகப் போகிறவன் வலது ஓரம் போவான், முந்துகிறவன் இடது லேனில் ஏறுவான். ராத்திரி வேலை முடிந்து களைத்துப் போய் ஓட்டும்போது புத்தி பாதி தூங்கிவிடும், கைதான் வண்டியை ஓட்டும். அந்த நேரத்தில் கை தன் பழைய பக்கத்தைத் தேடிப் போகும். ஓரமாகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் முந்துகிற லேனில் நீ நிதானமாகப் போய்க்கொண்டிருப்பாய். பின்னால் பறந்து வருகிறவனுக்கு உன் மனசில் இருப்பது எப்படித் தெரியும்?

தாத்தாவுக்கே இது நடந்தது. 1970 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. அதுவரைக்கும் இடது பக்கம் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை எல்லாம் அன்றிலிருந்து வலது பக்கம் ஓட்டச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்போது 15 வயது. தாத்தா அன்று லாரியை எடுக்கவே இல்லை. ரோட்டு முனையில் போய் நின்று சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் ஆயாவின் பழைய சேலையில் சிவப்பாக ஒரு துண்டு கிழித்து வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். ஒரு மாசம் அந்தத் துணி கையிலேயே இருந்து கறுத்துப் போயிற்று. ஸ்டியரிங் பிடிக்கும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று கட்டினாராம். நீயும் இடது கையில் ஒரு கயிறு கட்டிக்கொள். அனோரத்தா ரோடு காளி கோயிலில் அம்மா மந்திரித்து வாங்கி வைத்திருக்கிறாள், பார்சலில் வரும். கட்டிக்கொள், வெட்கப்படாதே.

ரோடு மாறியது, வண்டி மாறவில்லை. அதுதான் இந்த ஊரின் கஷ்டம். ஸ்டியரிங் அன்றும் வலது பக்கம், இத்தனை வருஷம் ஜப்பானிலிருந்து பழைய வண்டிகளாக வந்து இறங்கியதில் பெரும்பாலும் வலது பக்கமே. டிரைவர் பள்ளத்து ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு ஓட்டுகிறான். முன்னால் ஒரு லாரி போனால் அவனுக்குத் தெரிவது லாரியின் முதுகு மட்டும். எதிரில் என்ன வருகிறது என்று இடது சீட்டில் இருக்கிறவன்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய மண்டலே ரோட்டில் பெகு, தௌங்கூ, பியின்மனா என்று தாத்தாவுக்கு அந்த வேலையை நான் பார்த்தேன். எனக்கு நீ பார்த்தாய். பத்து வயதில் தலையணை போட்டு உட்கார்ந்து, "இப்போ வேண்டாம்பா, பஸ் வருது... இப்போ போங்க, இப்போ போங்க" என்பாய். ஒரு தடவை கூட நீ தப்பாகச் சொன்னதில்லை. ஸ்பேர் என்று கூட ஒரு ஆள் வைக்கக் காசு இல்லாத காலம், நீதான் எனக்கு இடது கண்.

அக்காவின் சின்ன மகன் இந்த வருஷம் பள்ளியில் முதல் மார்க். சொல்ல மறந்துவிடுவேன், அதனால் இங்கேயே எழுதிவிட்டேன்.

அங்கே முந்துகிற லேனிலேயே போய்க்கொண்டிருந்தால் குற்றம், முந்தி முடித்ததும் திரும்பிவிட வேண்டும், காருக்கு 6,000 யென் அபராதம், லைசென்ஸில் ஒரு புள்ளி என்று நீ சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேகமாகப் போனால் பிடிப்பார்கள் என்று தெரியும். நிதானமாகப் போனாலும், தப்பான லேனில் போனால் பிடிக்கிற ஊர் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. நல்ல சட்டம். முந்தினால் திரும்பி இடது பக்கம் வந்துவிடு. முன்னால் ரோடு காலியாக இருந்தாலும் வந்துவிடு. "அடுத்த லாரியையும் சேர்த்து முந்திவிடலாம்" என்று அங்கேயே நிற்காதே.

அதேபோல உனக்கு முன்னால் எவனாவது அந்த லேனை அடைத்துக்கொண்டு போனால், ஒட்டிக்கொண்டு போய் லைட் அடிக்காதே. 2017இல் அங்கே தோமே ஹைவேயில் ஒருவன் கோபத்தில் ஒரு குடும்பத்தின் வண்டியை மறித்து முந்துகிற லேனிலேயே நிற்க வைத்தான். பின்னால் வந்த லாரி மோதித் தாயும் தகப்பனும் செத்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். அதற்கு அப்புறம்தான் 2020இல் சட்டத்தைக் கடுமையாக்கி, அப்படி மிரட்டி ஓட்டுகிறவனுக்கு ஐந்து வருஷம் வரைக்கும் ஜெயில் என்றார்கள். அக்கா போனில் படித்துக் காட்டினாள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முன்னால் போகிறவன் கிழவனாக இருப்பான், பயந்தவனாக இருப்பான், வீம்பு பிடித்தவனாகவும் இருப்பான். நீ தள்ளியே போ. அவன் விலகுகிற வரைக்கும் பொறு. இடது பக்கமாக நுழைந்து மட்டும் முந்தாதே.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஜப்பான் லைசென்ஸ் எடுப்பது லேசில்லை என்று இங்கே எல்லாரிடமும் சொல்கிறேன். மூன்றாவது தடவையில் பாஸ் பண்ணினான் என் மகன், முதல் தடவை திரும்புகிற இடத்தில் தோளைத் திருப்பிப் பார்க்கவில்லை என்பதற்காகவே பெயில் போட்டார்கள் என்று சொல்கிறேன். டீக்கடையில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தை நீ வாரம் ஒரு போன் பண்ணி வளர்க்கலாம். பண்ணவில்லை. பெற்றவர்கள் பணத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாயோ என்னவோ. பணம் வந்தது, அம்மா பேங்கில் போட்டாள். அது போதாது.

அக்கா உன் படத்தைக் காட்டினாள். நாலு பேர் பாக்டரி வாசலில் நிற்கிறீர்கள். ஆகஸ்ட் மாசம், மற்ற மூன்று பேரும் பனியனோடு நிற்கிறார்கள். நீ மட்டும் முழுக்கைச் சட்டை, வலது கை முதுகுக்குப் பின்னால். நீ எப்போதும் சாய்ந்து நின்று படம் எடுக்கிற அந்த வெள்ளை வேன் படத்தில் இல்லை. அம்மா கவனிக்கவில்லை. பிள்ளை இளைத்துவிட்டான் என்று மட்டும் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இங்கே திரும்பி வா என்று நான் எழுதப் போவதில்லை. இப்போது ஏன் வரக்கூடாது என்று உனக்குத் தெரியும். அங்கேயே இரு, பத்திரமாக இரு.

நம் சக்சீட் கார் இன்னும் ஓடுகிறது. சாவி போட்டதும் அந்த ஜப்பான் பொம்பளைக் குரல் ஏதோ சொல்கிறதே, அது என்னவென்று நீதான் அங்கே போய்க் கற்றுக்கொண்டு எனக்குச் சொன்னாய். "சுங்கக் கார்டு போடவில்லை" என்கிறாளாம். இத்தனை வருஷமாக இங்கே எந்த ரோட்டிலும் இல்லாத கார்டை ஒவ்வொரு காலையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் பேசும்போது உன் ஞாபகம் வந்துவிடுகிறது. சாவியைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இடது சீட் காலி. நீ அதில் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். ஏர்போர்ட்டுக்குக் கூட நீ டாக்சியில்தான் போனாய். பெட்டி கனம், டிக்கி சின்னது என்றாய். டிக்கி சின்னது இல்லை.

தம்பி, லேன் லேன் என்று இரண்டு பக்கமாக எழுதிக்கொண்டிருப்பது எதற்கு என்று நீ முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பாய். எனக்குத்தான் இதுவரைக்கும் ஆயிற்று.

2014, தீபாவளிக்கு மறுவாரம். மண்டலே ஹைவே, 115 மைல் தாண்டவில்லை. நான் 60இல் போய்க்கொண்டிருந்தேன், இடது லேனில். வலது லேன் கான்கிரீட் குலுக்குகிறது, ஓரத்தில் நாய் வரும், ஆள் நடப்பான், இங்கே நடுவில் போனால் பயம் இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அது பாதி உண்மை. பின்னால் ஒரு ப்ரோபாக்ஸ் கார் வந்து லைட் அடித்தது. "அப்பா, வழி விடுங்க" என்றாய். வலது லேன் காலியாக இருந்தது, நான் ஒதுங்கியிருக்கலாம். மறுபடி லைட் அடித்தான், மறுபடி சொன்னாய். மூன்றாவது தடவை நீ சத்தமாகச் சொன்னபோது, "முப்பது வருஷம் ஓட்டியவனுக்கு நீ சொல்லிக் கொடுக்காதே" என்று உன்னை அடக்கினேன். அந்த நேரத்தில் எனக்கு நாய் பயமும் இல்லை, ஓரப் பயமும் இல்லை. ஒரு சின்னப் பயல் எனக்கு லைட் அடிக்கிறானே என்று இருந்தது. விடமாட்டேன் என்று இருந்தது. கால் கொஞ்சம் எடுத்தேன் கூட. அது உனக்கும் தெரிந்திருக்கும், வண்டி இழுப்பது மாறுமே.

அவன் வலது பக்கமாக ஏறினான். அங்கே டயர் வெடித்த பிக்கப் ஒன்று நின்றிருந்தது எனக்குத் தெரிந்தது, நான் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். என் வண்டிக்குப் பின்னால் இருந்தவனுக்குத் தெரிந்திருக்காது. அப்புறம் நடந்ததை எழுத வேண்டியதில்லை. ரோட்டில் கிடந்த சோற்றுத் தூக்கு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. மூடி தனியாக உருண்டு வந்து நம் டயரில் முட்டி நின்றது. நீ இறங்கி அதை எடுத்துத் துடைத்து ஓரமாக வைத்தாய். அதற்குள் அந்தப் பெண்ணின் கால் அப்படி ஆகிவிட்டது.

போலீஸ்காரரிடம், "வேகமாக வந்தான், நான் என் பாட்டுக்குப் போனேன்" என்றேன். நீ என் பக்கத்தில் நின்றாய். உனக்கு 17 வயது. நீ ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாய். பிறகு திரும்பி வரும்போது பின் சீட்டில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். அன்றிலிருந்து முன்னால் வந்ததே இல்லை. நான் அதைக் கேட்கவில்லை. கோயிலில், கல்யாண வீட்டில், யார் கேட்டாலும் அவன் வேகம் என்றே சொல்லி வந்தேன். சொல்லிச் சொல்லி அம்மாவும் அதையே சொல்கிறாள். அவர்களுக்கு என்ன அவசரம் என்று நான் இன்றைக்கு வரைக்கும் யாரிடமும் விசாரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போயிருக்கலாம். போகவில்லை.

நேற்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். கரண்ட் இல்லை, இருட்டில்தான் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து, "தம்பிக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அதான்" என்றாள்.

நீ ஓட்டும்போது ஏதாவது ஆகியிருந்தால், உன் மேல் தப்பா, எதிரில் இருந்தவன் மேல் தப்பா என்று அப்பா கேட்க மாட்டேன். முந்தினால் திரும்பி வந்துவிடு என்று இன்னொரு தடவை சொல்லிக்கொள்கிறேன். பார்சலில் நாப்பி மீன் விழுது, மிளகாய், லப்பெத் தேயிலை, கயிறு எல்லாம் இருக்கிறது. மாமாவின் மச்சான் மகன் 20ஆம் தேதி ப்ளைட் ஏறுகிறான், அவன் கையில் வரும்.

அக்கா இதைப் படம் எடுத்து அனுப்புவாள். போன் பேச மனசு வராவிட்டால் நாலு வரி எழுதிப் போடு. இடது கையால் எழுதினாலும் அப்பா படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
அப்பா