தூக்குக் கயிறு கேட்டுக் கையெழுத்து வாங்கும் பெரியோர்களுக்கு

தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த் வட்டாரக் கோயில் சபையினருக்கு வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், பிரசாத மேசையில் புளியோதரைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்துத் தாள். மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமாம். "உங்கள் வீட்டிலேயே நடந்ததே அக்கா, நீங்கள் போடாமல் வேறு யார் போடுவது?" என்று பேனாவை நீட்டினார் சபைத் தம்பி ஒருவர். நல்ல பிள்ளைதான்.

நடந்தது உண்மை. என் கொழுந்தனாரைக் கடைக்குள்ளேயே சுட்டுவிட்டுப் போனார்கள். கல்லாவுக்குப் பின்னால், ரொட்டித் தட்டின்மேல் சாய்ந்து கிடந்தார். ஆனாலும் நான் கையெழுத்துப் போடவில்லை.

பிரிட்டோரியா மத்தியச் சிறைத் தூக்குமேடையில் அந்தக் காலத்தில் ஒரே நேரத்தில் ஏழு பேரைத் தொங்கவிட முடிந்தது. ஏறிப்போக 52 படிகள். 1987இல் மட்டும் அங்கே 164 பேரைத் தூக்கிலிட்டார்கள். பெற்ற தாய்கூட அருகில் நிற்க முடியவில்லை. பிறகு உடலையும் தரவில்லை. அங்கே தூக்கிலிடப்பட்ட அரசியல் கைதிகளின் எலும்புகளைத் தேடியெடுத்துக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கும் திட்டமே 2016இல்தான் தொடங்கியது. எல்லாவற்றையும் சுவருக்குள் மறைத்துச் செய்ததால்தான், புளியோதரை வாங்கும் கையோடு அதைக் கேட்டுக் கையெழுத்துப் போட முடிகிறது. கொழுந்தனாரைச் சுட்டவன் அந்தப் படியேறினால் நான் போய் நின்று பார்த்தாலும் பார்ப்பேன். அதனாலேயே அந்த முடிவு என் கையில் இருக்கக் கூடாது.

1995 ஜூன் 6 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் தண்டனையை நீக்கினார்கள். பணமில்லாதவனுக்கு அனுபவமில்லாத வக்கீல், அவனுக்கே கயிறு என்று நடந்ததையும் நீதிமன்றத் தலைவர் ஆர்தர் சாஸ்கல்சன் தீர்ப்பில் எடுத்துக்காட்டினார். குற்றத்தைத் தடுப்பதில் முதலிடம், பிடிபட்டுத் தண்டனை பெறுவோம் என்ற பயத்துக்கே என்றும் எழுதினார்.

எங்கள் வழக்கில் இன்றுவரை ஒருவரும் பிடிபடவில்லை. காவல் நிலையத்தில் போய் டாக்கெட், அதாவது வழக்குக் கோப்பு, எங்கே என்று கேட்டால், ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கைகாட்டுகிறார்கள். துப்பறியும் அதிகாரி மாறிவிட்டாராம். புதியவர் யாரென்று அவர்களுக்கே தெரியவில்லை. யாரைத் தூக்கிலிடச் சொல்கிறீர்கள்?

தாளை மாற்றி எழுதுங்கள். நம் வட்டாரக் கொலை வழக்குகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி ஒரு துப்பறியும் அதிகாரி வேண்டும், விசாரணை எந்த மட்டில் இருக்கிறதென்று மாதந்தோறும் குடும்பத்துக்கு எழுத்தில் தர வேண்டும் என்று கேளுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். வீடு வீடாகத் தாளைக் கொண்டுபோகவும் ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கோயிலுக்கு வரும் ஒரு பெண்