எதில் ஆடுவது என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. அலுவலக வேலை முழுவதும் இனி வீட்டிலிருந்தே என்று ஆகிவிட்டதையும், பகலெல்லாம் உட்கார்ந்த நாற்காலியில் இரவிலும் போய் உட்கார மனம் வரவில்லை என்பதையும் நாலே வரியில் முடித்துவிட்டு, மீதிக் கடிதம் முழுவதையும் வரப்போகும் அந்தப் புதிய கேமுக்கே ஒதுக்கியிருந்தாய். கணினியில் வாங்குவதா, டிவியோடு இணைத்து ஆடும் கன்சோலில் வாங்குவதா என்பதுதான் கேள்வி என்பதால் நானும் சுற்றி வளைக்காமல் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கன்சோலிலேயே வாங்கு. ஆனால் வெளியாகும் அன்றே வாங்காதே.

உன் கடிதத்தில் பாதி, உன் கணினியில் காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டையும் சோனியின் கன்சோலான பிளேஸ்டேஷன் 5-ஐயும் ஒப்பிடுவதிலேயே போயிருக்கிறது. இரண்டில் எது வலிமையானது என்று கேட்டால் உன் கணினிதான். இருந்தாலும் வலிமையை மட்டும் வைத்து இந்த முடிவை எடுக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஒரு கேமை உருவாக்கியவர்கள், நீ எந்தக் கருவியில் ஆடப்போகிறாயோ அதே கருவியில் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்பதே என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி. உன்னிடம் இருக்கும் பிளேஸ்டேஷனைப் போன்ற ஒன்று அவர்கள் மேசையிலும் நிச்சயம் இருந்திருக்கும். உன்னுடைய கார்டும் பிராசசரும் மெமரியும், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் அதே சேர்க்கையில் அங்கே இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இது வெறும் தத்துவம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் விஷயம். திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி கிடைக்கிறது. ஒரு வினாடிக்குள் ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 100 மில்லிவினாடி எடுத்துக்கொண்டு, மற்றவை எல்லாம் ஒழுங்காக வந்தால், திரையின் மூலையில் உள்ள ஃபிரேம் எண்ணிக்கை 55 என்று காட்டும். பார்ப்பவர்களுக்கு அது நல்ல எண்ணாகவே தோன்றும். ஆனால் அந்த ஒரு ஃபிரேம் நின்ற நேரத்தில்தான் எதிரியின் வாள் இறங்கியிருக்கும், நீ அழுத்திய பொத்தானுக்குப் பலன் இருந்திருக்காது. சராசரியைப் பார்த்துக் கேம் வாங்குவது, ஆற்றின் சராசரி ஆழத்தைக் கேட்டுக்கொண்டு இறங்குவதைப் போன்றது.

இந்தத் திக்கல் கணினியில் அதிகம் வருவதற்கு முக்கியமான காரணம் ஷேடர் எனப்படும் சிறு நிரல்கள். ஒளி ஒரு பொருளின் மேல் எப்படி விழ வேண்டும், புகை எப்படிப் பரவ வேண்டும் என்பதையெல்லாம் அவைதான் கிராபிக்ஸ் சிப்புக்குச் சொல்கின்றன. கன்சோலில் சிப் இன்னதுதான் என்று முன்பே தெரியும் என்பதால், அவற்றை அதற்குரிய வடிவத்திற்கு மாற்றி கேமோடு சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள். கணினியில் கார்டுக்குக் கார்டு, டிரைவருக்கு டிரைவர் எல்லாம் வேறுபடுவதால் அந்தக் கடைசி மாற்றம் உன் வீட்டில், உன் இயந்திரத்தில்தான் நடந்தாக வேண்டும். விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பான டைரக்ட்எக்ஸ் 12-ஐயும், கேம் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினையும் பயன்படுத்தும் பல கேம்களில் இதை நேரடியாகவே பார்க்கலாம்: ஒரு மந்திரவாதி முதல் முறை நெருப்பை வீசும்போது படம் ஒரு நொடி உறைந்து மீளும், அதே நெருப்பை இரண்டாம் முறை வீசும்போது ஒன்றும் ஆகாது. நீ வாங்க நினைக்கும் கேமும் அன்ரியல் எஞ்சின் 5-இல் உருவாவது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இதற்கு மாற்றாகச் சில நிறுவனங்கள், முதல் முறை கேமைத் திறந்ததும் ஷேடர்களையெல்லாம் மொத்தமாகத் தயாரித்துக்கொள்ளும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. பொறுமை இருந்தால் அது நல்ல வழிதான். ஆனால் டிரைவரைப் புதுப்பித்தால் அந்த வேலை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ 2023 மார்ச்சில் கணினிக்கு வந்தபோது இந்தத் தயாரிப்பு மிக நீண்ட நேரம் எடுத்தது பெரிய புகாராக எழுந்தது. அதே கேமில் உன்னைப் போல 8 ஜிபி மெமரி உள்ள கார்டு வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. சுவரும் தரையும் மங்கலாகத் தெரிந்தன. பின்னர் வந்த பேட்ச்கள் எனும் திருத்தங்கள் நிலைமையைச் சரிசெய்தன என்பது உண்மை. ஆயினும் அதே கேம் அதற்குப் பல மாதங்கள் முன்பே, 2022 செப்டம்பரில், பிளேஸ்டேஷன் 5-இல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. திறந்த வெளியில் ஓடி ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குள் நுழையும்போது வரும் திக்கல் வேறு வகை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது கன்சோலையும் விடுவதில்லை.

‘எல்டன் ரிங்’ நினைவிருக்கிறதா? 2022-இல் அது வந்தபோது கணினிப் பதிப்பில் 60 ஃபிரேமுக்கு மேல் போகவிடாமல் பூட்டு போட்டிருந்தார்கள். எவ்வளவு பெரிய கார்டாக இருந்தாலும் அதைத் தாண்ட வழியில்லை. போதாக்குறைக்குத் திக்கலும் இருந்தது. அப்போது ஆட்டத்தைச் சீராக ஓட்டிய வழி எது தெரியுமா? பிளேஸ்டேஷன் 4-க்கான பதிப்பை எடுத்துப் பிளேஸ்டேஷன் 5-இல் போட்டு ஆடுவதுதான். பழைய பதிப்பின் எளிமையான காட்சிகள், புதிய கன்சோலின் வேகம். இரண்டும் சேர்ந்ததில் 60 ஃபிரேம் அநேகமாக ஆடாமல் அசையாமல் நின்றது. வலிமைக் கணக்கு மட்டும் போட்டவர்களுக்கு இந்த விடை தோன்றியிருக்கவே முடியாது.

இதைப் படித்துவிட்டு கன்சோல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று முடிவு கட்டிவிடாதே. 2020 டிசம்பரில் வந்த ‘சைபர்பங்க் 2077’-க்கு வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கணினிப் பதிப்புதான். பாராட்டுகளைப் படித்துவிட்டுப் பழைய பிளேஸ்டேஷன் 4-இல் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். சில நாட்களிலேயே சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கிவிட்டு, 2021 ஜூனில்தான் மறுபடி விற்பனைக்கு வைத்தது. நேர் எதிரான கதையும் உண்டு. ‘பேட்மேன்: ஆர்காம் நைட்’ 2015 ஜூனில் வந்தபோது கணினிப் பதிப்பின் நிலை அவ்வளவு மோசமாக இருந்ததால் அதன் விற்பனையை நிறுத்தி, அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கினார்கள். ஆகவேதான் வெளியாகும் அன்றே வாங்காதே என்கிறேன். உன்னிடம் இருக்கும் அதே கன்சோலில், விளம்பரக் காட்சியாக இல்லாமல், யாரோ ஒருவர் கூட்டமான சந்தைத் தெருவில் கேமராவை வேகமாகத் திருப்பிக் காட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு வாங்கினால் போதும்.

பணத்தைத் திரும்பப் பெறும் விதிகளும் இந்தக் காத்திருப்புக்குச் சாதகமாகவே இருக்கின்றன. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் திருப்பிக் கொடுக்கலாம். ஷேடர் தயாரிக்கும் நேரத்திலும் கேம் ஓடிக்கொண்டிருப்பதால் அதுவும் அந்த 2 மணி நேரத்தில்தான் கழியும். பிளேஸ்டேஷன் கடையிலும் 14 நாள் அவகாசம் உண்டு. ஆனால் பதிவிறக்கம் தொடங்கிவிட்டால், கேமே பழுதாக இருந்தாலொழிய, அந்த உரிமை போய்விடும். அதாவது கணினியில் ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், கன்சோலில் முடிவு செய்துவிட்டுத்தான் ஆட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் கணினியின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. டிஸ்க்காக வாங்கினால் ஆடி முடித்தபின் எனக்குக் கொடுக்கலாம் என்பது கன்சோலுக்குச் சாதகமான என் சுயநலக் கணக்கு.

கன்சோலில் வாங்கியபின் தரமா வேகமா என்று ஒரு கேள்வி அமைப்புப் பக்கத்தில் வரும். தயங்காமல் 60 ஃபிரேம் தரும் வேகத்தைத் தேர்ந்தெடு. 40 ஃபிரேம் என்று மூன்றாவதாக ஒன்று இருந்து, உன் டிவி 120 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 120 முறை படத்தை மாற்றக்கூடியதாகவும் இருந்தால் மட்டும் அதை ஒரு முறை முயன்று பார். எண்ணளவில் 40 என்பது 30-க்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றினாலும், ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரத்தில் அது 33.3-க்கும் 16.7-க்கும் சரி நடுவே, 25 மில்லிவினாடியில் நிற்கிறது. 120-ஐ 40 மீதமின்றி வகுப்பதால் திரையும் சீராக ஓடும். ‘ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’ 2021-இல் இப்படியொரு தேர்வைச் சேர்த்ததிலிருந்து வேறு பல கேம்களும் இதைப் பின்பற்றியிருக்கின்றன.

கையில் எதைப் பிடிக்கிறோம் என்பதையும் நீ கேட்டிருந்தாய். துப்பாக்கியால் குறிபார்க்கும் ஆட்டமாக இருந்திருந்தால் மவுஸுக்காகவே உன்னைக் கணினிக்கு அனுப்பியிருப்பேன். நீ சொல்வது வாளும் கேடயமுமாக நடக்கும் ஆட்டம். அதற்குக் கன்ட்ரோலரே பொருத்தம். நானும் தங்கையும் இப்போது கன்சோலில் திரையை இரண்டாகப் பிரித்து ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆடிக்கொண்டிருக்கிறோம். மவுஸில் திரையின் அடியில் வரிசையாகக் கிடக்கும் மந்திரங்கள், கன்ட்ரோலரில் வட்டமாகச் சுழலும் பட்டியல்களாகிவிடுகின்றன. பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் அறையில் சிதறிக் கிடக்கும் பொருட்களெல்லாம் ஒரே பட்டியலாக வந்துவிடுவது மவுஸால் ஒவ்வொன்றாகத் தேடுவதைவிடச் சுகமாகவே இருக்கிறது. கணினியில் கன்ட்ரோலரைச் செருகினாலும் இதே அமைப்பு வரும் என்பதால், இதில் இயந்திரத்தைவிட கையே முடிவு செய்கிறது. உன் விஷயத்தில் நாற்காலியும் சேர்ந்து முடிவு செய்கிறது. பகல் முழுவதும் மேசையில் குனிந்திருந்தவன் இரவில் சோபாவில் சாய்ந்து ஆடுவதில் ஒரு குற்றமும் இல்லை.

மோட்கள், அதாவது ஆடுபவர்களே செய்து கேமில் சேர்க்கும் மாற்றங்கள், பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அவற்றுக்காகவே ஆடுபவர்கள் கணினியை விட்டு வர மாட்டார்கள், நீ அந்த வகை இல்லை. ஒன்றை மட்டும் பொறாமையோடு ஒப்புக்கொள்கிறேன். ‘எல்டன் ரிங்’கில் நண்பனைத் துணைக்கு அழைத்தால், அந்தப் பகுதியின் பெரிய எதிரி வீழ்ந்ததும் அவனை அவன் உலகத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்; ஆரம்பம் முதல் இறுதி வரை பிரியாமல் சேர்ந்தே ஆட வழிசெய்யும் மோட் கணினியில் மட்டுமே இருக்கிறது.

இதைச் சொன்னதும் உன்னிடம் கேட்க வேண்டியது நினைவுக்கு வருகிறது. இந்தப் புதிய கேமில் இருவர் சேர்ந்து ஆடலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். கணினியில் ஆடுபவரும் கன்சோலில் ஆடுபவரும் ஒன்றாகச் சேர முடியுமா என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முடியாது என்றே வைத்துக்கொண்டு நாம் இருவரும் ஒரே பக்கம் நிற்பது நல்லது. கன்சோலில் இணையத்தில் சேர்ந்து ஆடப் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும், கணினியில் அந்தச் செலவு இல்லை. என் சந்தா இன்னும் நடப்பில் இருக்கிறது, உன்னுடையது முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள். இவ்வளவு சொன்ன பிறகும் உனக்குக் கணினிதான் வேண்டுமென்றால் அதற்கும் நான் தயார். ஷேடர் தயாராகும்வரை தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கலாம். உன் பதில் வரும்வரை நான் எதிலும் வாங்கப் போவதில்லை. வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்