எல்லாமே ஜவ்வுதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், ஒரு கால்பந்து வீரருக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் முடிந்து விரைவில் களமிறங்குவார் என்று மூன்று வரிச் செய்தி வந்திருந்தது. எந்த ஜவ்வு என்று போடவில்லை. படித்ததிலிருந்து இதை எழுதிவிட வேண்டும் என்று கை துறுதுறுத்துக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் என் முட்டியை இரண்டாவது தடவை கெடுத்துக்கொண்டேன்.

நம் பேச்சில் மூட்டுக்குள் எலும்பைத் தவிர மற்றதெல்லாம் ஜவ்வுதான். எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டுகிற லிகமென்ட் ஜவ்வு. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் மெத்தை மாதிரி கிடக்கிற மெனிஸ்கஸ், அதுவும் ஜவ்வு. எலும்பு முனையில் வழவழவென்று இருக்கிற குருத்தெலும்பும் ஜவ்வு, வயதானவர்களுக்கு "ஜவ்வு தேஞ்சு போச்சு" என்கிறோமே, அது இதுதான். தோளுக்குப் போனால் தசையை எலும்போடு பிணைக்கிற தசைநாணுக்கும் அதே பெயர். வீட்டில் பேசும்போது சரி, ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் இவை ஒவ்வொன்றும் கிழியும் விதம் வேறு, ஆறும் விதம் வேறு, சிலது ஆறவே ஆறாது.

என் மாமா ஒருநாள் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தார், முட்டியில் சுரீர் என்றது, கிழிந்தது மெனிஸ்கஸ். உள்ளே கேமராவை விட்டு கிழிந்த நுனியை மட்டும் நறுக்கி எடுத்தார்கள். மறுநாளே ஊன்றி நடந்தார், மூன்று வாரத்தில் வேலைக்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் எனக்கு. வாலிபாலில் எகிறிக் குதித்து இறங்கும்போது, பக்கத்தில் யாரும் இடிக்கக்கூட இல்லை, முட்டிக்குள் டொப் என்று ஒரு சத்தம். இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வீங்கினால் பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று அர்த்தம் என்பதெல்லாம் அப்போது தெரியாது. ஸ்கேன் எடுத்தார்கள். "ஜவ்வு கிழிஞ்சிருக்கு, கீஹோல் ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார்கள். மாமாவுக்கு வந்ததுதான் நமக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கிழிந்தது ஏசிஎல், மூட்டின் நடுவில் குறுக்காக ஓடுகிற லிகமென்ட். முழுசாக அறுந்துபோன அதைத் தைத்தால் பெரும்பாலும் ஒட்டாது என்பதால், தொடையின் பின்பக்கத்திலிருந்து நம் சொந்தத் தசைநாணையே உருவி எடுத்து, அதைப் புது லிகமென்டாகப் பொருத்துகிறார்கள். வெளியே தெரிகிற துளைகள்தான் சின்னது சார், உள்ளே இரண்டு எலும்பிலும் சுரங்கம் போட்டிருக்கிறார்கள். வைத்த நாளில் அது ரத்த ஓட்டம் இல்லாத வெறும் கயிறு. உடம்பு அதற்குள் ரத்தக்குழாய்களை வளர்த்து, பழைய திசுவைக் கரைத்து, தன்னுடையதாக மாற்றிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். அந்த வேலை நடக்கும்போது, முதல் இரண்டு மூன்று மாதத்தில், கயிறு வைத்த நாளில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால் சரியாக அந்தச் சமயத்தில்தான் நமக்கு வலி போய், வீக்கம் வற்றி, குணமாகிவிட்டது போலத் தோன்றும்.

எனக்கும் தோன்றியது. ஐந்தாவது மாதம் வலி துளியும் இல்லை, மெதுவாக ஓடவும் செய்தேன், அப்புறம் என்ன என்று கோர்ட்டுக்குப் போனேன். அதே டொப். நார்வேயில் செய்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முட்டி அடிபடுகிற வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதை நான் படித்தது இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு. முதல் தடவை மருத்துவமனையில் கொடுத்த தாளில் "ஓய்வு, பிசியோதெரபி" என்று இரண்டு வார்த்தைதான் இருந்தது. தப்பு என்னுடையதும்தான், நான் கேட்கவே இல்லை.

இரண்டாவது தடவை முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கிற தசைநாணிலிருந்து எடுத்து வைத்தார்கள். பிசியோதெரபிஸ்ட் முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, "துண்டை அமுக்குங்க" என்பார். அவ்வளவுதான் பயிற்சி. நான் என் தொடையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு இறுகு இறுகு என்று மனதுக்குள் கத்துவேன், அது யாருடைய தொடையோ போலக் கிடக்கும். முட்டி வீங்கினால் மூளை அந்தத் தசையை அணைத்துப் போட்டுவிடுமாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டேப் வைத்து இரண்டு தொடையையும் அளப்பார். இரண்டும் சமமாக வர ஏழு மாதம் ஆயிற்று.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். மெனிஸ்கஸிலும் வெளி ஓரத்துக்கு மட்டும்தான் நல்ல ரத்த ஓட்டம், அங்கே கிழிந்தால் தைக்கலாம், தைத்தால் பல வாரம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உள்பக்கம் பெரும்பாலும் ஆறாது, நறுக்கத்தான் முடியும். ஒரு காலத்தில் முழுசாகவே பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அப்படி எடுத்த முட்டிகளில் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது என்று ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் 1948-இலேயே எழுதிவிட்டார். அதற்காக ஸ்கேனில் கிழிசல் தெரிந்தாலே ஆபரேஷன் என்றும் இல்லை. அமெரிக்காவில் பொதுமக்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த 2008 ஆய்வில், மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தின ஒரு மாதத்தில் வலியே இருந்ததில்லை. ஃபின்லாந்தில் 35 முதல் 65 வயதுள்ள 146 பேரில், தேய்ந்து கிழிந்த மெனிஸ்கஸைப் பாதிப் பேருக்கு நறுக்கியும் மீதிப் பேருக்கு நறுக்குவதுபோல் பாவனை மட்டும் காட்டியும் பார்த்தார்கள், ஒரு வருஷம் கழித்து வலியில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை, இது 2013-இல் வெளியானது. முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனவர்கள் கதை வேறு. ஏசிஎல்லில்கூட, ஸ்வீடனில் முதலில் பயிற்சி மட்டும் செய்து பார்த்த இளவயதுக்காரர்களில் ஐந்து வருஷம் ஆகியும் சுமார் பாதிப் பேர் ஆபரேஷன் செய்துகொள்ளாமலே இருந்தார்கள். எந்த ஜவ்வு என்று தெரியாவிட்டால் இதையெல்லாம் டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

தோளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் அத்தைக்குக் கையைத் தூக்க முடியவில்லை, எல்லோரும் ஜவ்வு கிழிந்துவிட்டது என்றே முடிவு கட்டினோம், பார்த்தால் தோள் இறுக்கம், சர்க்கரை நோயாளிகளுக்கு அடிக்கடி வருவது, ஒன்றும் கிழியவில்லை, ஆபரேஷனும் தேவைப்படவில்லை. தசைநாண் கிழிந்திருந்தால் எலும்பில் ஆணி மாதிரி ஒன்றைப் பதித்து நூலால் இழுத்துத் தைக்கிறார்கள், அப்புறம் நாலு முதல் ஆறு வாரம் கை தூளியில். தோள் கழன்று விழுவது இன்னொன்று, இருபது வயதுக்குள் ஒருமுறை கழன்றால் மறுபடி கழல்வது மிகச் சகஜம். கழன்ற கையைப் பக்கத்தில் நிற்கிறவர் பிடித்து இழுத்துவிடுவதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், எலும்பு முறிந்திருந்தாலோ நரம்பு மாட்டியிருந்தாலோ தெரியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை ஒரு வீரர் அடிபட்டால் ஏசிஎல்லா, மெனிஸ்கஸா, தோள் தசைநாணா என்று ஒரு சொல் சேர்த்துப் போடுங்கள். "விரைவில்" என்பதற்குப் பதிலாக எத்தனை மாதம் என்றும். மாமா இன்னமும் வருகிறவர்களிடமெல்லாம், "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஆபரேஷன்தான், நான் மூணு வாரத்துல எழுந்துட்டேன், இவன்தான் சோம்பேறி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரே முட்டியில் இருமுறை ஆபரேஷன் ஆன வாசகன்