புறாத்தீவை வயலுக்குள் இறக்கிய கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் கிழக்குக் கரை மீன்பிடி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வண்ணப் படம், வழுவழுத் தாள், எல்லாம் நன்று. நடுவில் ஒரு வரி: "நவீன ஜிபிஎஸ் கருவியைக் கையில் கொடுத்தாலும் அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாதவர்களாகவே நம் மீனவர்கள் இருக்கிறார்கள்." அதற்குப் பிறகு என் தேத்தண்ணீர் ஆறிப்போனது.

நான் திருகோணமலைத் திருக்கடலூரில் இருபத்தைந்து வருடமாக வெளியிணைப்பு எஞ்சின், றேடியோ, ஜிபிஎஸ் எல்லாம் திருத்துகிறவன். உப்பு ஏறிப் பச்சை பிடித்த பற்றரித் தகட்டைப் பல் தூரிகையால் சுரண்டியே என் விரல் நுனி தேய்ந்துவிட்டது. எனவே யாருக்கு என்ன தெரியும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அதே பக்கத்தின் கீழே, பெட்டி கட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கென்று, நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவின் இட எண்ணைப் போட்டிருந்தீர்கள்: 8.433, 81.122. ஐயா, அந்தத் தீவு வடக்கே 8 பாகை 43.3 கலையிலும் கிழக்கே 81 பாகை 12.2 கலையிலும் இருக்கிறது. பாகைக் குறியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு புள்ளியை வைத்திருக்கிறார்கள். ஒரு பாகைக்கு அறுபது கலை என்பதால், பாகையை மட்டும் தசமமாக எழுதினால் அது 8.722, 81.203 என்று வர வேண்டும். நீங்கள் போட்ட எண் விழுகிற இடம் தம்பலகாமத்துக்கும் கந்தளாய்க்கும் நடுவில், தீவிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். அதை நம்பிப் போகிறவர் வயல் வரப்பில் நின்று முருகைக்கல்லை, அதுதான் பவளப் பாறையை, தேட வேண்டியதுதான். கருவியைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. பண்பில்லாமல் போய்விடும்.

சரி, எண் பிழையை அச்சுப்பிழை என்று விடலாம். "செய்மதித் திருத்த சமிக்ஞை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் மட்டுமே உரியது, நமக்கு எட்டாது" என்று எழுதியதை எப்படி விடுவது? பக்கத்து நாட்டின் ககன் என்ற ஜிபிஎஸ் திருத்த ஏற்பாடு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இந்தியாவில் 15 நிலையங்கள் ஜிபிஎஸ் செய்மதிகளை இரவு பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. தன் இடம் எதுவென்று அளந்து வைத்திருக்கிற நிலையம், செய்மதி சொல்லும் தூரம் எவ்வளவு தவறுகிறது என்று உடனே கண்டுகொள்ளும். செய்மதியின் கடிகாரம், அதன் பாதை, வானத்தின் மேலே மின்னேறிய படையான அயனமண்டலத்தில் சமிக்ஞை தாமதிப்பது, இப்படி எது எவ்வளவு பிழை என்று கணக்கிட்டு மேலே அனுப்ப, பூமியோடு சேர்ந்து சுற்றும் செய்மதி அதைக் கீழே ஒலிபரப்புகிறது. அதுவும் ஜிபிஎஸ்ஸின் அதே 1575.42 மெகாஹேர்ட்ஸில், அதனால் வேறு ஏரியல் வேண்டாம், சந்தா வேண்டாம். அந்தச் செய்மதிகளில் ஜிசாட்-10 நிற்பது 83 பாகை கிழக்கில். திருகோணமலை ஏறத்தாழ 81. அதாவது எங்கள் உச்சந்தலைக்குக் கிட்ட. வடக்கே ஐரோப்பாவில் இந்த வகைச் செய்மதி அடிவானத்தில் தாழ்ந்து நின்று மரத்துக்கும் வீட்டுக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளும். எங்களுக்கு அந்தக் குறைகூட இல்லை. "எட்டாது" என்கிறார் உங்கள் கட்டுரையாளர்.

நிலையங்கள் எல்லாம் இந்திய மண்ணில்தான், இலங்கையில் ஒன்றும் இல்லை. ஆகவே சென்னையில் கிடைக்கும் தரம் இங்கேயும் அப்படியே கிடைக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். பூமியின் காந்த நடுக்கோடு எங்களுக்கு அருகால் போவதால், பொழுது பட்ட பிறகு அயனமண்டலம் சில நாட்களில் குழம்பிப்போவதும் உண்டு. என்றாலும் ஒரு இரவு கடையின் தண்ணீர்த் தாங்கி மூடியில் ஒரே மாதிரியான இரண்டு கருவிகளை வைத்துவிட்டு வந்தேன். ஒன்றில் திருத்தம் போட்டது, மற்றதில் நிறுத்தியது. காலையில் பார்த்தால் திருத்தம் இல்லாதது வீதியின் அந்தப் பக்கம் வரை போய்த் திரும்பியிருந்தது. மற்றது என் முற்றத்தைத் தாண்டவில்லை. திருத்தம் இல்லாத ஜிபிஎஸ்ஸுக்குக் கையேடு தரும் கணக்கு 15 மீட்டருக்குள், திருத்தம் கிடைத்தால் 3 மீட்டருக்குள். எங்கள் பைபர் படகு 18 அடி. 15 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட மூன்று படகு நீளம், 3 மீட்டர் என்றால் பாதிப் படகு. கடலடியில் ஒரு சின்னப் பாறைத் திட்டின்மேல் தூண்டில் இறக்குகிறவனுக்கு அந்த வித்தியாசம் சட்டியில் தெரியும்.

அப்படியானால் எங்கள் ஆட்கள் அந்தத் திருத்தத்தை ஏன் பிடிப்பதில்லை? அறியாமையாலா? கடலுக்குப் போகிறவர்கள் இரண்டு பென்டோர்ச் பற்றரியை மூன்று நாள் ஓட்ட வேண்டியிருப்பதால் பற்றரி சேமிப்பு நிலையில் போட்டுவிடுவார்கள். பல பழைய கருவிகளில் அந்த நிலையில் திருத்த சமிக்ஞையைக் கேட்கும் வேலை தானாக நின்றுவிடும். கையேட்டில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, ஆங்கிலத்தில். மெனுவிலும் அதன் பெயர் "வாஸ்". அமெரிக்காக்காரன் வைத்த பெயர். அது ககனையும் சேர்த்துத்தான் என்று யார் சொன்னார்கள்? 2004 சுனாமிக்குப் பிறகு உதவி என்று வந்த கருவிகளில் தமிழில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதைப் பற்றி அப்போதே உங்கள் பத்திரிகைக்கு எழுதினேன். கடிதத்தை நீங்கள் போடவில்லை. இடம் போதாமல் இருந்திருக்கும், அன்று சினிமாப் பக்கம் இரண்டு.

அப்புறம், "அமெரிக்கா சமிக்ஞையை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருக்கிறது" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். கெடுத்தார்கள், உண்மை. நிறுத்தியது 2000 மே மாதம். அப்போது போர்க்காலம், நாங்கள் அனுமதிப் பாஸ் எடுத்துக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். உங்களுக்குச் செய்தி வந்துசேர இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

கருவியை நம்புவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் ஆட்களைக் குறை சொல்வதால்தான். குச்சவெளிப் பக்கம் மனைவியின் சீதனக் காணி இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அலுவலகத்தில் இருந்து இருவர் கையடக்கக் கருவியோடு வந்து மாமரத்தடியில் நின்று, எங்கள் வேலி நான்கு மீட்டர் உள்ளே வந்துவிட்டது என்றார்கள். திரையைக் காட்டச் சொன்னேன். துல்லியம் 7 மீட்டர் என்று எழுதியிருந்தது. ஏழு மீட்டர் தடுமாறுகிற கருவியால் நான்கு மீட்டர் குற்றம் பிடிக்கிறீர்களே தம்பி என்று கேட்டேன். "ஐயா, இது செய்மதியில் இருந்து வருகிறது" என்றார் இளையவர். செய்மதியில் இருந்து வந்தால் தெய்வ வாக்கா? மரத்தில் பட்டுத் தெறித்து வருகிற சமிக்ஞையை எந்தத் திருத்தமும் திருத்தாது. அந்த 7 கூடக் கருவியின் உத்தேசம்தான், எல்லைக்கல் அல்ல. இன்னொரு அலுவலர் அதே வேலியை, கந்தவல என்ற பழைய நில அளவை ஆதாரத்தில் வரைந்த வரைபடத்தோடு ஒப்பிட்டார். அந்த ஆதாரத்துக்குக் கருவியின் செட்டிங்கை மாற்றாமல் விட்டால் இருநூறு மீட்டர் அளவுக்குத் தள்ளிக் காட்டும். நல்லவேளை, அவர் கணக்கில் எங்கள் காணி கடலுக்குள் போய்விட்டது, அதனால் பேசாமல் போனார்.

முன்பு எங்கள் தாத்தா கோணேசர் மலையையும் கரையில் ஒரு மரத்தையும் ஒரு நேரில் பிடித்து, இன்னொரு சோடியை வேறு நேரில் பிடித்து, அந்த இரண்டு நேரும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம் போடுவார். பற்றரி வேண்டாம். அவரையும் "தெரியாதவர்" பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள் போல.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஞாயிறு புறாத்தீவின் எண்ணைத் திருத்திப் போடுங்கள். அதோடு இரண்டு வரி: கருவியில் சேமிப்பு நிலையை எடுத்துவிட்டு "வாஸ்" என்பதைத் திறந்து வையுங்கள், வெட்டவெளியில் சில நிமிடம் நில்லுங்கள், செய்மதிப் பக்கத்தில் 40 அல்லது 41 என்ற எண் வந்து சமிக்ஞைக் கோடுகளுக்குள் "டி" என்ற ஆங்கில எழுத்து தெரிந்தால் திருத்தம் கிடைக்கிறது என்று. சில பழைய கருவிகள் அதைத் தேடாது, அவற்றின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் எண்ணையாவது போடுங்கள். நிலாவெளியில் விடுதி வைத்திருக்கும் என் மருமகன் உங்கள் பெட்டியை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார். கழற்றச் சொன்னால் பத்திரிகை பிழை விடுமா மாமா என்கிறார்.

இப்படிக்கு,
இருபத்தைந்து வருட வாசகன்,
திருக்கடலூர், திருகோணமலை.