பின்னோக்கி ஓடிய வினாடி முள்

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல். இங்கே மேலமாசி வீதியில் கடை எப்போதும்போல ஓடுகிறது. பேட்டரி மாற்றத்தான் நிறையப் பேர் வருகிறார்கள். சாவி கொடுக்கிற கடிகாரம் மாதத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம்.

போன வாரம் நடந்ததை உனக்கு எழுதியே ஆகவேண்டும். பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் எடுத்திருக்கும் சின்னவள், ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் திரையில் ஓடுகிற ஒரு கடிகாரம் வரைகிறேன் என்று உட்கார்ந்தாள். வட்டம் வந்துவிட்டது, எண்களும் வந்துவிட்டன. முள்ளில்தான் நின்றுபோனாள். முள் என்பது நடுவிலிருந்து நுனிவரை ஒரு கோடு. அந்த நுனி எங்கே என்று கணக்குப் போட்டுச் சொன்னால்தான் கோடு விழும்.

உயரம் தெரியாத கோபுரத்துக்கும் தென்னைமரத்துக்கும் நாம் போட்ட சைன், காஸ் கணக்கு நினைவிருக்கிறதா? அதேதான். நம்மூர் வீதியை வைத்து அவளுக்குச் சொன்னேன். கோயிலிலிருந்து வடகிழக்கு மூலைக்குப் போக, கிழக்கே கொஞ்சம், வடக்கே கொஞ்சம் என்று வீதி பிடித்துத்தான் போகவேண்டும். நிமிட முள் 100 புள்ளி நீளம், 5 நிமிடத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள். 12-லிருந்து 30 டிகிரி. வலப்பக்கம் எவ்வளவு என்பதைச் சைன் சொல்கிறது: 50 புள்ளி. மேலே எவ்வளவு என்பதைக் காஸ் சொல்கிறது: 86.6. ஆனால் திரையில், நோட்டில் வரி எண்ணுவதுபோல, எண் மேலிருந்து கீழே கூடிக்கொண்டே போகும். அதனால் மேலே ஏற, நடுவின் எண்ணிலிருந்து 86.6-ஐக் கழிக்கவேண்டும்.

சரி என்று எழுதி ஓடவிட்டாள். வினாடி முள் பின்னோக்கி ஓடியது! ஒவ்வொரு வினாடிக்கும் பதினாறு டிகிரிக்குமேல் பின்னால் தாவியது. வினாடிக்கு 6 டிகிரி என்று அவள் கொடுத்ததைக் கம்ப்யூட்டர் 6 ரேடியன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 6 ரேடியன் என்றால் கிட்டத்தட்ட 343.8 டிகிரி, அதாவது ஒரு முழுச் சுற்றுக்குப் பதினாறு டிகிரி குறைவு. அதுதான் பின்னால் போவதாகத் தெரிந்தது.

ரேடியன் என்றால் என்ன என்று கேட்டாள். நிமிடக் கோடுகளைத் தொடும் முள் உள்ள ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அந்த முள்ளின் நீளத்துக்கு நூல் வெட்டி, 12-லிருந்து நிமிடக் கோடுகளின்மேல் வளைத்து வைத்துக் காட்டினேன். நூல் ஒன்பதாவது கோட்டைத் தாண்டி, பத்தைத் தொடாமல் நின்றது. அந்தக் கோணம்தான் ஒரு ரேடியன், 57.3 டிகிரி. அவள் கண் விரிந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்குக்குக் கலை என்று பெயர். 57.3-ஐ அறுபதால் பெருக்கினால் 3438 கலை வருகிறது. கி.பி. 499 வாக்கில் ஆரியபட்டர் தன் சைன் வாய்பாட்டுக்கு ஆரமாக வைத்துக்கொண்ட எண்ணும் இதுவே. அவர் சைனுக்குச் சொன்ன 'ஜ்யா' என்ற சொல்லுக்கு வில்லின் நாண் என்று பொருள். பள்ளிக்கூடத்தில் இதை ஒருவராவது நமக்குச் சொல்லியிருக்கலாம்.

டிகிரியை ரேடியனாக்கியதும் வினாடி முள் ஒழுங்குக்கு வந்தது. அப்புறம் நான் மணி முள்ளைப் பார்த்தேன். நேரம் 10:55. முள் சரியாக 10-இன்மேல் நிற்கிறது! கடைக்கு இப்படி ஒரு கடிகாரம் வந்தால் உள்ளே பல்சக்கரம் கழன்றிருக்கிறது என்று உடனே பிரித்துவிடுவேன். நிமிட முள் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் மணி முள் ஒரு சுற்று. இடையில் அது சும்மா நிற்காது, நிமிடத்துக்கு அரை டிகிரி நகர்ந்துகொண்டே இருக்கும். 10:55-க்கு 300 டிகிரியோடு 27.5 சேரவேண்டும். அதைச் சேர்த்தபிறகுதான் அது எனக்குக் கடிகாரமாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் கையால் பூட்டிய சக்கரத்தின் கணக்கை என் மகள் ஒரே வரியில் எழுதிவிட்டாள், மாப்ள.

உன் அப்பாவின் பெண்டுலம் கடிகாரம் இன்னும் கூடத்தில்தானே தொங்குகிறது? ரோமன் எழுத்தில் நாலுக்கு நாலு கோடு போட்டிருக்குமே, அதுதான். முகப்பை நேருக்கு நேராக நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முள்ளின் நீளத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து எழுது. அடுத்து அதைத்தான் வரையப் போகிறாளாம்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழன்
மதுரை