காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்

லாட்ஜ் நடத்தும் முதலாளிமார்களுக்கும் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

பம்புசெட் சர்வீஸ் என் வேலை. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு ராத்திரி உங்கள் அறைகளில்தான் படுக்கிறேன். காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவது பழக்கம். போகிற ஊரை நான் கண்ணால் பார்ப்பதே அந்த அரை மணி நேரத்தில்தான்.

போன மாதம் டெல்டா பக்கம் ஒரு லாட்ஜ். பெயர் வேண்டாம். 4.50க்குக் கீழே இறங்கினால் வாசல் கம்பிக் கதவில் பூட்டு. வாட்ச்மேன் பெரியவர் பெஞ்சில் நல்ல தூக்கம், சாவி அவர் இடுப்பில். எழுப்பினேன். அரைக்கால் சட்டையோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரூமைக் காலி பண்றீங்களா தம்பி?" என்றார். "இல்லைங்க, ஓடப் போறேன்" என்றேன். அங்கேதான் சொதப்பினேன். ஓடப் போகிறேன் என்று சொல்லும் ஆளை எந்த வாட்ச்மேன் வெளியே விடுவார்? மேனேஜரை எழுப்பி, அவர் லெட்ஜரைப் புரட்டி, அட்வான்ஸ் கட்டியிருக்கிறேன் என்று தெரிந்து கதவு திறந்தபோது 5.40.

என் ஓட்டத்தை விடுங்கள். ராத்திரி தீப்பிடித்தால் மூன்று மாடி ஆட்களும் அந்தப் பெரியவரின் இடுப்புச் சாவிக்காகவா காத்து நிற்பது?

அப்புறம் அந்த ரூம் சாவி. தொலைந்துவிடக் கூடாதென்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரக்கட்டையைக் கோத்து வைத்திருக்கிறீர்கள். பாக்கெட்டில் போட்டு ஓடினால் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் தொடையில் இடிக்கிறது. காலையில் வாங்கி வைக்க ஓர் ஆள் முழித்திருந்தால் போதும். பதிலுக்கு லாட்ஜ் பெயரும் போன் நம்பரும் உள்ள கார்டு ஒன்று கொடுங்கள். வெளியூரில் எங்காவது மயங்கி விழுந்தால் நான் யாரென்று சொல்ல அதுதான் இருக்கும்.

இதையெல்லாம்விட எனக்கு வேண்டியது உங்கள் ஊர் விவரம். மதுரையில் ஒரு ரிசப்ஷன் பையன் சொன்னான்: "நாலு மாசி வீதியையும் சுத்திட்டு வாங்க சார். ஒரே பக்கமாத் திரும்பிக்கிட்டே இருந்தா புறப்பட்ட இடத்துக்கே வந்துருவீங்க. கீழமாசி வீதியில மட்டும் லோடு இறக்குவாங்க, பார்த்துப் போங்க." கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்த ஊரில் வழி தப்பவே இல்லை. மறுநாள் வண்டியூர் தெப்பக்குளத்துக்கு அனுப்பினான். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம். ஒரு கரை சுமார் 300 மீட்டர். நாலு சுற்றில் என் ஐந்து கிலோமீட்டர் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

திருவண்ணாமலையில் அப்படிச் சொல்ல ஆளில்லை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நான் இரண்டரை ஓடிவிட்டு வந்த வழியே திரும்பினேன். எதிரே வந்த ஒரு பாட்டி, "மலையை இடப்பக்கம் விட்டு வரலாமாய்யா?" என்று நிறுத்தியே கேட்டுவிட்டார். முழுச் சுற்றும் ஓட வேண்டும், இல்லை பாதியில் ஆட்டோ பிடிக்க வேண்டும் என்று ரிசப்ஷனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

போன் மேப்பை நம்பினால் நான்குவழிச் சாலையில் கொண்டுபோய் விடுகிறது. ஒவ்வொரு லாரியும் கடக்கும்போது காற்றே ஆளைத் தள்ளுகிறது. எந்தத் தெரு முனையில் எட்டு நாய் படுத்திருக்கிறது என்பதும் மேப்புக்குத் தெரியாது. உங்கள் வாட்ச்மேனுக்குத் தெரியும். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓட வேண்டும். நான் ஓட விரும்புவது அந்த ஓட்டம் அல்ல. எங்கள் ஆபீஸில் ஓடும் பழக்கமுள்ள பெண் ஒருவர் இருக்கிறார். வெளியூர் போனால் லாட்ஜ் மாடிப்படியிலேயே ஏறி இறங்கி முடித்துக்கொள்கிறார். எந்த ரோட்டில் விளக்கு எரியும், டீக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று யாராவது சொன்னால் அவரும் வெளியே இறங்குவார்.

பெரிய செலவில்லை. செக்-அவுட் நேரம் ஒட்டியிருக்கும் அதே கண்ணாடியில் ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் திருவாரூர் வருகிறேன். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று பழைய நில அளவில் சொல்வார்கள். அந்தக் கமலாலயக் குளத்தை ஒரு சுற்றாவது ஓடிப் பார்க்க வேண்டும். ரூம் போட்டாயிற்று. எந்தக் கரையில் நாய் குறைவு என்று வாட்ச்மேனிடம் கேட்டு வையுங்கள். "ஓடப் போறேன்" என்று இந்தத் தடவை சொல்ல மாட்டேன்; வாக்கிங் என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி, கடைசி ரூம்காரன்